மேல்மாடி காலியா?



சென்ற திங்களில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், கோரிப்பாளையம் தர்காவுக்கு அண்மையில் உள்ள குறுகிய தெரு ஒன்றில், பழைய மாணவர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தர்காவின் பெரிய குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அதனைச் சுற்றிப் புறாக்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் சில தர்காவை அண்டி வாழ்பவை. சில இவர் வளர்ப்பவை. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

அவருக்கு இப்போது இருபத்தைந்து வயதிருக்கலாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழில். பகலெல்லாம் செம்புக் கம்பி, மாலையானால் புறாக்கள். "திண்டுக்கல்லில் கொண்டுபோய்க் கூடையைத் திறந்துவிட்டாலும், நாம் பஸ் பிடித்து வருவதற்குள் இது வந்து கூண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும், ஹஜ்ரத்!" என்று சாம்பல் நிற ஹோமர் புறா ஒன்றைக் கையில் ஏந்திக் காட்டினார். அதன் மூளையின் எடை ஏறத்தாழ இரண்டு கிராம்.

நான் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் என்னுடைய மாலை வகுப்பில் இருந்த பிள்ளை. மனனம் என்பது அவருக்கு வரவே வராது. நானோ கலைப் பட்டதாரி. விலங்கியலோ மருத்துவமோ முறையாகக் கற்றவனல்லேன். ஆயினும் அறிவியல் நூல்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. அவ்வாறு படித்ததொன்றை ஒரு நாள் கரும்பலகையில் படமாக வரைந்தேன். மனித மூளை மூன்று தளங்கள் கொண்ட வீடு. கீழ்த்தளத்தில் பல்லிக்கும் பாம்புக்கும் உரிய மூளை இருந்துகொண்டு பசியையும் சினத்தையும் அச்சத்தையும் ஆள்கிறது. நடுத்தளம் பாலூட்டிகளின் பாச உணர்வுக்கு உரியது. மேல்மாடியில்தான் சிந்தனை குடியிருக்கிறது. இதுவே அந்தப் படம். அன்று பாடம் ஒப்பிக்க முடியாமல் அப்பிள்ளை திணறியபோது, பிரம்பின் நுனியால் படத்தின் உச்சியைத் தட்டி, "உனக்கு மேல்மாடி காலி" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். மறு மாதம் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்.

அந்தப் படம் என் கற்பனையன்று. பால் மக்லீன் என்ற அமெரிக்க மூளை அறிஞர் 1960களில் முன்வைத்த கருத்து அது. 1977இல் கார்ல் சேகன் எழுதிய பரிசு பெற்ற நூல் ஒன்று அதனை உலகமெங்கும் கொண்டு சென்றது. 1990இல் மக்லீனே அதனைப் பெருநூலாக விரித்து எழுதினார். உளவியல் கூட்டங்களிலும், தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் "உன்னுள் இருக்கும் பல்லி மூளை" என்று இன்றளவும் முழங்குகிறார்கள். நான் செய்த கேலி தவறு என்பது எனக்கு முன்னரே தெரியும். அந்தக் கேலிக்கு ஆதாரமாக நான் வரைந்த படமே தவறு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதனை எழுதித் தீர்ப்பதே இத்திங்கள் பக்கத்தின் நோக்கம்.

'பரிணாமம்' என்ற சொல் இடையில் வரும். அதைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். வாதத்துக்கு இது இடமன்று. கருவிலும் மரபணுவிலும் நரம்பணுவிலும் ஆய்வாளர்கள் கண்டதை அறிந்துகொள்வோம்.

முட்டைக்குள் வளரும் குஞ்சாயினும், கருப்பைக்குள் வளரும் சிசுவாயினும், மூளை தொடக்கத்தில் ஒரு மெல்லிய குழாயே. அதன் முன்முனை உப்பி, வலமும் இடமுமாக இரு குமிழ்களாகிறது. அவையே முன்மூளையின் பெரும்பகுதியாக வளர்கின்றன. ஒவ்வொரு குமிழின் சுவரிலும் கீழ்ப்பாதி ஒன்று, மேற்பாதி ஒன்று. கீழ்ப்பாதியிலிருந்து ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதி உருவாகிறது. பழகிய செயல்களைத் தொடங்கவும் நிறுத்தவும் அது துணைசெய்கிறது. மேற்பாதிக்கு இலத்தீன் மொழியில் பாலியம் என்று பெயர். போர்வை என்று பொருள். நாமும் போர்வை என்றே வைத்துக்கொள்வோம். நம்முடைய நினைவும் மொழியும் கணக்கும் பெரிதும் இந்தப் போர்வையைச் சார்ந்தவை.

இப்போது கவனியுங்கள். பல்லிக்கும் போர்வை உண்டு! ஓணானுக்கும், ஆமைக்கும், முதலைக்கும் உண்டு. கீழ்த்தளம் மட்டும் கட்டப்பட்டு, மேலே வெற்றுத் தரையாக விடப்பட்ட முதுகெலும்புப் பிராணி எதுவும் உலகில் இல்லை. மீனுக்குக்கூடப் போர்வை உண்டு. பாலூட்டிகள் தோன்றியபோது புதிதாக ஒரு மாடி எழுந்தது என்ற கதை இங்கேயே விழுந்துவிடுகிறது. பாலூட்டிகளின் வழியும், ஊர்வன பறவைகளின் வழியும் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று கணித்திருக்கிறார்கள். பிரிந்தபோது இரு தரப்பினரிடமும் போர்வை இருந்தது. அதனை ஆளுக்கொரு விதமாக வளர்த்துக்கொண்டார்கள்.

எவ்விதமாக? நம் வீட்டு அடுக்களையைக் கொண்டே சொல்லிவிடலாம். ஒரே மாவைக் கல்லில் பரப்பினால் தோசை. குழியில் ஊற்றினால் இட்லி. பாலூட்டிகளின் போர்வை தோசையைப்போல் விரிந்தது. மனிதனிடத்தில் சுமார் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள தகடாக, ஆறு அடுக்குகளாக நரம்பணுக்கள் அமைந்து, மண்டையோட்டுக்குள் இடம் போதாமல் மடிந்து மடிந்து கிடக்கிறது. பெருமூளைப் புறணி என்பது இதுவே. பல்லியிடமும் இப்படியொரு தகடு உண்டு. ஆனால் அது சிறியது, மூன்றே அடுக்குகள் கொண்டது. அத்துடன் அதன் போர்வையில் ஒரு பகுதி உட்புறமாக மேடிட்டு வளர்கிறது. பறவையிடம் அந்த மேடு பெருத்துப் பெருத்து, முன்மூளையின் பெரும்பகுதியையே பிடித்துக்கொண்டது. அடுக்கும் தெரியவில்லை, மடிப்பும் தெரியவில்லை. இட்லி போன்ற கொத்துக்கொத்தான உருண்டைகள்.

இங்கேதான் ஒரு பேரறிஞர் வழுக்கி விழுந்தார். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பணியாற்றிய லுட்விக் எடிங்கர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்குகளின் மூளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களுள் முதல்வரிசைக்காரர். பறவையின் முன்மூளையை அறுத்துப் பார்த்த அவருக்கு, அடுக்கில்லாத அந்த உருண்டைகள் முழுவதும் ஸ்ட்ரையேட்டமாகவே தோன்றின. ஆகவே பறவைக்குச் சிந்திக்கும் பகுதி ஏறக்குறைய இல்லை. அது பிறவிப் பழக்கத்தால் இயங்கும் பொறி என்ற முடிவு பரவலாயிற்று. உருண்டைகளுக்கெல்லாம் 'ஸ்ட்ரையேட்டம்' என்று முடியும் பெயர்களையே சூட்டினார்கள். பெயர் சூட்டிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது? நூறாண்டுக்காலம் மாணவர்கள் அந்தப் பெயர்களை மனனம் செய்தார்கள். (மனனத்தை மட்டுமே அறிவென்று எண்ணும் என் போன்றோர் இவ்விடத்தில் சற்று நிற்கலாம்.)

ஐயம் எழுந்தது 1960களில். ஸ்ட்ரையேட்டம் என்றால் அங்கே டோபமின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக இருக்க வேண்டும். புறாவிடம் சோதித்தபோது அது முன்மூளையின் அடிப்பகுதியில் மட்டுமே செறிந்திருந்தது. மேலேயிருந்த உருண்டைகள் வேறு சங்கதி. ஹார்வி கார்ட்டன் என்பவர் புறாவின் கண்ணிலிருந்தும் செவியிலிருந்தும் புறப்படும் நரம்புப் பாதைகளைத் தொடர்ந்து சென்று, அவை அந்த உருண்டைகளில் போய்ச் சேர்வதையும், அந்த அமைப்பு நம் புறணிக்குள் நடப்பதை ஒத்திருப்பதையும் காட்டினார். ஆயினும் பெயர்கள் மாற மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. பன்னாட்டு அறிஞர் குழுவொன்று கூடி ஆய்ந்து, 2004, 2005ஆம் ஆண்டுகளில் புதிய பெயர்களை வெளியிட்டது. பழைய 'நியோஸ்ட்ரையேட்டம்' அன்று முதல் 'நிடோபாலியம்' ஆயிற்று. 'நிடோ' என்பது கூட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. கூட்டுப் போர்வை! பறவைக்குப் பொருத்தமான பெயர்தானே?

இத்துறையில் நம் நாட்டவர் பங்கும் உண்டு. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் சௌமியா ஐயங்காரின் குழுவினர், பெயர் மாற்றத்துக்கு முன்னின்றவர்களுள் ஒருவரான ஆண்டன் ரெய்னருடன் சேர்ந்து, டோபமினோடு தொடர்புடைய இரு புரதங்கள் நமது ஊர்க்காக்கையின் மூளையில் எங்கெங்கு அமைந்துள்ளன என்பதை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நாம் 'சூ' என்று விரட்டும் அதே சாம்பல் கழுத்துக் காக்கைதான்.

காக்கையென்றதும் காபீல் ஹாபீல் வரலாற்றில் மண்ணைக் கிளறிக் காட்டிய பறவை உங்கள் நினைவுக்கு வரும். பானைக்குள் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காக்கையும் வரும். பின்னது கதை என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தோம். 2009இல் இங்கிலாந்தில் காக்கை இனத்துப் பறவைகளிடம் நீரும், எட்டாத ஆழத்தில் மிதக்கும் புழுவும், கற்களும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை கற்களைப் போட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்துக்கொண்டன. பெரிய கற்களையே அதிகம் தேர்ந்தெடுத்தன.

இவ்வளவு சிறிய தலைக்குள் இது எப்படி இயலும்? விடை தேட ஒரு விந்தையான வழியைக் கண்டுபிடித்தார் பிரேசில் நாட்டு அறிவியலார் சுசானா ஹெர்குலானோ ஹூசெல் என்ற பெண்மணி. இறந்த பிராணியின் மூளையைப் பதப்படுத்திக் கரைத்துக் கஞ்சி போலாக்கி, நன்றாகக் கலக்கி, அதில் ஒரு துளியெடுத்து, அதிலுள்ள அணுக்கருக்களை எண்ணி, மொத்தத்துக்குக் கணக்கிடுவது அந்த வழி. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அவற்றுள் புறணியில் சுமார் 1,600 கோடி என்ற கணக்கு 2009இல் இவ்வழியில் கிடைத்ததுதான். 2016இல் அவரும் செக் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 28 வகைப் பறவைகளின் மூளைகளை எண்ணினார்கள். அண்டங்காக்கையின் பெரிய உறவான ரேவன் என்னும் பறவைக்கு மூளை 14 கிராம்; அதன் போர்வையில் 120 கோடி நரம்பணுக்கள். நீலமும் மஞ்சளும் கலந்த மக்கா கிளிக்கு மூளை சுமார் 21 கிராம்; போர்வையில் 190 கோடி. 87 கிராம் மூளையுடைய மக்காக் குரங்குக்கோ புறணியில் 170 கோடியே! குரங்கின் மூளை எலுமிச்சம்பழம். கிளியின் மூளை அக்ரூட் பருப்பு. ஆயினும் கிளியே முந்துகிறது. பறவையின் நரம்பணுக்கள் சிறியவை, நெருக்கமாக அடைந்திருப்பவை. தலை பெருத்தவன் அறிவாளி என்பாரும், தலை சிறுத்தவன் மந்தன் என்பாரும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

2020 செப்டம்பரில் ஒரே இதழில் இரு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று ஜெர்மனியின் போகும் நகரிலிருந்து வந்தது. புறா, கூகை ஆகியவற்றின் மூளைத் துண்டுகளில் ஒளியைச் செலுத்தி நரம்பிழைகளின் திசையை அளந்தபோது, உருண்டையென்று எண்ணப்பட்டதற்குள் நெடுக்கும் குறுக்குமாக, பாவும் ஊடும்போல் இழைகள் ஓடுவது தெரிந்தது. பாலூட்டிப் புறணியின் நெசவும் இவ்வாறே. மற்றொன்று டூபிங்கன் நகரிலிருந்து வந்தது. திரையில் மிக மங்கலான ஓர் ஒளி தோன்றும், அல்லது தோன்றாது. கண்டதா இல்லையா என்று காக்கை சைகையால் சொல்ல வேண்டும். ஒளி ஒரே அளவாக இருந்தும் காக்கை சில முறை 'கண்டேன்' என்றது. சில முறை 'காணவில்லை' என்றது. கூட்டுப் போர்வையின் பின்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் பல, ஒளி இருந்ததா என்பதைவிட, காக்கை என்ன சொல்லப்போகிறது என்பதை ஒட்டியே இயங்கின. கண்ணில் பட்டதற்கும் உணர்ந்ததற்கும் இடையே அதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து.

இத்தனை இருந்தும் ஆண்டுதோறும் குயில் வந்து அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போக, காக்கை அடைகாத்து வளர்க்கிறது. அதையும் சொல்லிவைப்பதே நேர்மை.

இப்போது மாவுக்கு வருகிறேன். தோசையும் இட்லியும் ஒரே மாவு என்றேன் அல்லவா? அதில்தான் இன்றைய வழக்கு. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் சில, கோழிக்குஞ்சு, பல்லி, சுண்டெலி ஆகியவற்றின் மூளை அணுக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வெளியிட்டன. செயலை அடக்கும் நரம்பணுக்கள் பறவையிடமும் பாலூட்டியிடமும் பெரிதும் ஒத்திருந்தன. செயலைத் தூண்டும் நரம்பணுக்களோ பல இடங்களில் வேறுபட்டன. கருவில் அவை பிறக்கும் இடமும் காலமும் வேறு. ஆகவே பறவை நம் புறணியின் இன்னொரு படியை வைத்திருக்கவில்லை. ஒரே போர்வையின் வேறு ஓரங்களிலிருந்து தொடங்கி, ஒத்த வேலையைச் செய்யும் வேறொரு நெசவை அது தானே நெய்துகொண்டது. என் அடுக்களை உவமை பாதிதான் நிற்கிறது, பரவாயில்லை.

பல்லியின் பக்கம் என்ன ஆயிற்று? எடிங்கர் வாழ்ந்த அதே பிராங்க்பர்ட்டில், மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தார் தாடியோணான் என்னும் ஆஸ்திரேலியப் பல்லியின் மூளையை 2022இல் அணு அணுவாக ஆராய்ந்தார்கள். பழைய வகை அணுக்கள் கீழே, புதிய வகை மேலே என்ற அடுக்கு அங்கே இல்லை. மூளையின் எல்லாப் பகுதிகளிலும் பழையதும் புதியதும் கலந்தே கிடந்தன. மூன்று மாடிப் படத்துக்கு அதன் பிறகு இடமேது? 2011இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனோல் என்னும் மரப்பல்லிகள், புழுவை மூடிய வில்லையைப் பல்லால் கவ்வியும் மூக்கால் நெம்பியும் அகற்றக் கற்றுக்கொண்டன. ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் நம் சிறுவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மனிதனைப் பற்றி நமக்கு அருகிலேயே பெரும்பணி ஒன்று நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் மனித மூளையின் விரிவான படத்தொகுப்பை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. 14ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரையான கருமூளைகளின் 5,132 மெல்லிய துண்டுகள் அதில் உள்ளன. உலகில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்த வாரங்களில்தான் நரம்பணுக்கள் மூளையின் உள்ளறை ஓரத்தில் பிறந்து, வெளிப்புறம் நோக்கி நகர்ந்து, முந்திப் பிறந்தவை உள்ளேயும் பிந்திப் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலேயுமாக அடுக்கு அமைத்துக்கொள்கின்றன. மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் சுபா தோலே குழுவினர் 2008இல் காட்டியது இன்னும் வியப்பு. எலிக்கருவின் போர்வையில் அங்கங்கே ஒரேயொரு மரபணுவின் செயலை நீக்கியபோது, புறணியாக வேண்டிய இடங்கள் வேறாக மாறின. அவற்றின் அருகே ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதி பல இடங்களில் முளைத்தது.

இந்த ஹிப்போகேம்பஸ் பறவைக்கும் உண்டு. மொட்டைமாடியில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். 1980களில் வெர்னர் பிங்மன் என்ற அமெரிக்கரும் இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்களும், அப்பகுதி நீக்கப்பட்ட பழகிய புறாக்களைத் தொலைவிலிருந்து பறக்கவிட்டார்கள். திசை தவறாமல் வீட்டை நோக்கியே அவை திரும்பின. ஆனால் வீட்டுப் பக்கம் வந்த பிறகு, அடையாளம் கண்டு கூண்டில் சேர்வதில் தடுமாறின. இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் குறுக்கிட்டார். "என்னிடமும் ஒன்று அப்படி இருந்தது, ஹஜ்ரத். பருந்து அடித்துத் தலையில் காயம். தர்கா குவிமாடம் வரைக்கும் வரும், சுற்றும், இறங்கத் தெரியாது. நான் போய்த்தான் பிடித்து வருவேன்." ஒரே ஒரு புறாவை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகாத ஒருவர், தம் கண்ணால் பார்த்ததைப் பன்னிரண்டு ஆண்டு நினைவில் வைத்திருந்து, சரியான இடத்தில் எடுத்து வைத்தார். இவரைத்தான் நினைவாற்றல் இல்லாதவர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அன்று பிரம்பால் தட்டியதைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கூண்டுக்குள் கம்பு போட்டுக்கொண்டே, "அதெல்லாம் நான் மறந்துவிட்டேன்" என்றார். இது ஒன்றை மட்டும் நான் நம்பவில்லை.

இறங்கும்போது கூண்டின் தெருப்பக்கம் ஒரு சாக்குப்படுதா தொங்குவதைக் கண்டேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வினோத் குமாரின் குழுவினர் ஊர்க்காக்கைகளை இரவு பகலின்றி வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்தது. அவற்றின் கற்கும் திறன் குறைந்தது. ஹிப்போகேம்பஸிலும் கூட்டுப் போர்வையின் பின்பகுதியிலும் புதிதாகப் பிறந்த நரம்பணுக்கள் சரிவர முதிரவில்லை, கிளைகளும் குறைந்தன. 2018இல் வெளியான செய்தி அது. காக்கைக்கு நேர்ந்தது புறாவுக்கும் நேரும் என்று சொல்ல நான் யார்? இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

அவர் சாக்கை விலக்கித் தெருவிளக்கைக் காட்டினார். புதிதாகப் போட்ட வெள்ளை விளக்கு, கூண்டுக்கு நேரெதிரே. "இது வந்த பிறகு ராத்திரியெல்லாம் புறா உறங்குவதில்லை, ஹஜ்ரத். காலையில் மந்தமாக இருக்கும். அதனால்தான் போன வருடமே சாக்கைக் கட்டிவிட்டேன்" என்றார்.